கறி சுடுறவருக்குப் பேரு, ட்ரே கழுவுறவளுக்கு முதுகுவலி

ஹூஸ்டன் பக்கம் இருக்குற தமிழ் வாட்ஸ்அப் க்ரூப் எதுல பாத்தாலும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு ப்ரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி) போட்டோ வந்துரும். கத்தி இறங்குனதும் சாறு வழியுற வீடியோ, புகை பட்டு கறி ஓரத்துல விழுற அந்த சிவப்பு ஸ்மோக் ரிங்குக்கு ஒரு க்ளோஸப், கீழ வரிசையா தீ எமோஜி. அந்த ப்ரிஸ்கெட்டுக்கு அடியில பன்னெண்டு மணி நேரம் கொழுப்பு வாங்கிட்டுக் கெடந்த ட்ரிப் பானை மட்டும் இதுவரைக்கும் ஒருத்தரும் போட்டோ போட்டு நான் பாத்ததில்ல. எங்க வீட்டுல சுடுறது அவரு டிபார்ட்மென்ட், கழுவுறது என் டிபார்ட்மென்ட். ஏங்க இதை நீங்களே கழுவக்கூடாதான்னு கேட்டா, "காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு தீ மூட்டுறது யாரு"ன்னு பதில் வரும். சரி நியாயம்தான், நாலு மணிக்கு என்னால எந்திரிக்க முடியாது. அதனால விறகு போஸ்ட் ஓக்கா ஹிக்கரியா, கொழுப்பு பக்கம் மேலயா கீழயான்னெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க. பிசுக்கு பத்தி கேளுங்க, விடிய விடிய பேசுவேன்.

எங்ககிட்ட இருக்குறது வெபர் ஸ்மோக்கி மவுன்டன், 22 இன்ச், கரியில புகை போட்டு மெதுவா கறி சுடுற ஸ்மோக்கர். அடியில கரி, நடுவுல பெரிய வாட்டர் பான், அதுக்கு மேல அடுக்கா ரெண்டு ராக், அதாவது கறி வைக்கிற கம்பித் தட்டு. வாட்டர் பான்தான் ட்ரிப் பான் வேலையையும் பாக்குது. மேல் ராக்ல ப்ரிஸ்கெட் வச்சா கொழுப்பு கீழ் ராக் வழியா ஒழுகித்தான் பானுக்கு வரும், அதாவது ஒரே ஒரு கறித்துண்டு சுட்டாலும் ரெண்டு ராக், ஒரு பான்னு மூணு பாத்திரம் நமக்கு. கீழ் ராக்ல ஒண்ணும் வைக்கலன்னா தயவுசெஞ்சு அதை முன்னாடியே எடுத்து வெளிய வச்சிருங்க. இதை எங்க வீட்டுக்காரருக்குப் புரிய வைக்கவே ரொம்ப நாள் ஆச்சு.

கழுவுறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டா பாதி வேலை மிச்சம். அங்க இருக்குறது எல்லாம் ஒரே அழுக்கு இல்ல. ஒண்ணு, உருகி ஒழுகுன புதுக் கொழுப்பு, இது இன்னும் கொழுப்புதான், சூடு பட்டா இளகும், சோப்புக்கு மசியும். இன்னொண்ணு சாஸ், மசாலா, மாரினேட் பண்ண தயிரு, இதெல்லாம் காந்திப் போய் ராக் கம்பியில ஒட்டியிருக்கும். இதுல பெரும்பாலும் சர்க்கரையும் புரோட்டீனும், அதனால இதுக்கு வேண்டியது சோப்பு இல்ல, ஊறல். சுடு தண்ணியில ரெண்டு மணி நேரம் கெடந்தா அதுவே இளகிரும், அதைப் போய் காய்ஞ்ச நிலையில கையை ஒடிச்சுத் தேய்க்கிறது வீண் வேலை. மூணாவதுதான் வில்லன். அந்தப் பளபளன்னு பழுப்பா கறுப்பா, நகத்தால சுரண்டுனா கூட வராத பூச்சு. கொழுப்பு மணிக்கணக்கா சூட்டுலயும் காத்துலயும் கெடக்குறப்போ அதோட மூலக்கூறெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு வேற பொருளாவே மாறிருது. தோசைக்கல்லை எண்ணெய் தடவித் தடவிப் பழக்குறோம்ல, அங்க நடக்குறதும் அதேதான், அங்க நமக்கு அது வேணும், இங்க வேணாம், அவ்ளோதான் வித்தியாசம். இது மேல டிஷ் சோப்பை எவ்ளோ ஊத்துனாலும் நுரைதான் வரும், ஏன்னா சோப்பு பிடிக்கிறதுக்கு அங்க கொழுப்பே இல்ல.

இதுல விஷயம் என்னன்னா முதல் வகைதான் மூணாவது வகையா மாறுது. இன்னைக்கு ட்ரேல கெடக்குற வெள்ளைக் கொழுப்பை அப்படியே விட்டுட்டு அடுத்த வாரம் அதே பான் மேல திரும்ப தீ மூட்டுனா, அது பழுப்பு வார்னிஷ் ஆயிரும், அதுக்கடுத்த வாரம் கறுப்பு. ஆகக்கூடி முதல் நாள் இருபது நிமிஷத்துல முடியுற வேலை, ஒரு மாசம் கழிச்சு ஒரு முழு சனிக்கிழமைய முழுங்கும். எவ்ளோ ஸ்ட்ராங் கெமிக்கல் வாங்குறோம்ங்கிறதை விட எப்ப கைய வைக்கிறோம்ங்கிறதுதான் முக்கியம்னு நான் சொல்றது இதனாலதான்.

பான்ல தண்ணி ஊத்துறதா வேணாமான்னு ஸ்மோக்கர் வச்சிருக்குறவங்க நடுவுல பெரிய சண்டையே ஓடும். தண்ணி ஊத்துனா டெம்பரேச்சர் நிதானமா நிக்கும்னு ஒரு கட்சி, தண்ணி வேணாம், மணலைக் கொட்டி மேல ஃபாயில் போட்டு மூடிருங்கன்னு இன்னொரு கட்சி. கறிக்கு எது நல்லதுன்னு அவங்களே அடிச்சுக்கட்டும், கழுவுறவ ஓட்டு தண்ணிக்குத்தான். காரணம் சிம்பிள், தண்ணி இருக்குற வரைக்கும் அந்தப் பான் 212 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாது, மேல விழுற கொழுப்பு தண்ணி மேல மிதந்துட்டு இருக்கும், அடிப்பிடிக்க வழியே இல்ல. தண்ணி வத்திப் போய் வெறும் பான்ல கொழுப்பு விழ ஆரம்பிச்சா அப்பதான் காந்தல் வாடை வரும், அந்தப் புகை நேரா கறிக்கும் ஏறும். பக்கத்துக் கதவு வழியா நடுநடுவுல சுடு தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும், பச்சைத் தண்ணி ஊத்துனா சூடு இறங்கிரும்னு அவரு கத்துவாரு. மணல் கட்சிக்காரங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை, ஃபாயில் கிழிஞ்சு கொழுப்பு மணல்ல இறங்கிருச்சுன்னா மொத்த மணலையும் தூக்கிப் போட்டுருங்க, ஒரு வாரத்துல சிக்குப்பிடிச்ச வாடை வரும்.

சரி, சாப்பிட்டு முடிச்சாச்சு, பான்ல பாதி தண்ணி, மேல ரெண்டு விரக்கடை கொழுப்பு. இதை என்ன பண்றது? மாட்டுக் கொழுப்பு ஆறுனா கெட்டியாகும், ஆனா ஆகஸ்ட் மாச ஹூஸ்டன்ல ராத்திரி வெளிய வச்சா கொழகொழன்னுதான் இருக்கும், அதோட ரக்கூனும் ஒப்போசமும் மோப்பம் பிடிச்சு வந்துரும், காலைல பாத்தா பேட்டியோ முழுக்க எண்ணெய்க் கால்தடம். நான் பண்றது என்னன்னா, பார்ட்டி முடிஞ்சதும் கூலர்ல மிச்சமிருக்குற ஐஸை மொத்தமா அந்தப் பான்ல கொட்டிருவேன். பான் நல்லா சூடு ஆறி வெதுவெதுப்புக்கு வந்ததுக்கப்புறம்தான், கொதிக்குறப்போ இல்ல, கொதிக்கிற கொழுப்புல ஐஸ் போட்டா தெறிச்சு மூஞ்சி வெந்துரும். காமணி நேரத்துல மேல் கொழுப்பு வெளுத்து இறுகி ஒரு தட்டா நிக்கும், ஓரத்துல ஒரு ப்ளாஸ்டிக் ஸ்க்ரேப்பர் விட்டு நெம்புனா டொப்புன்னு விட்டுட்டு அப்படியே முழுசா வரும். அடிப்பக்கம் திருப்புனா பழுப்பு நிறத்துல ஜெல்லி ஒட்டியிருக்கும், அது கறியோட ஜெலட்டின். இந்த வேலைல எனக்கு உண்மையிலயே பிடிச்ச ஒரே இடம் இதுதான். சிக்கன் சுட்டீங்கன்னா இது சரியா நடக்காது, கோழிக்கொழுப்பு ஐஸ்லயும் சவசவன்னுதான் இருக்கும், அதுக்கு கரண்டியால அள்ளிட்டு மிச்சத்தை பேப்பர் டவல்ல ஒத்தி எடுக்க வேண்டியதுதான்.

எடுத்த கொழுப்பு எங்க போகணும்? காலி காபி டப்பா, இல்ல பால் கார்ட்டன், அதுல போட்டுக் கெட்டியானதும் குப்பையில. சிங்க்ல மட்டும் வேணாம். சுடு தண்ணியும் சோப்பும் சேத்து ஊத்துனா போயிரும்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க, போகும், நம்ம கண்ணுக்கு மறையுற வரைக்கும் போகும், அப்புறம் பூமிக்கு அடியில குழாய் குளிர்ந்த இடத்துல போய் உறைஞ்சு உக்காந்துரும். லண்டன்ல 2017ல ஒயிட்சாப்பல் சாக்கடைக்குள்ள 250 மீட்டர் நீளத்துக்கு கொழுப்பும் வெட் வைப்ஸும் கட்டியாகிக் கெடந்துச்சே, 130 டன்னுன்னு நியூஸ்ல எல்லாம் வந்துச்சு, அது ஆயிரக்கணக்கான கிச்சன் சிங்க்ல கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனதுதான். நம்ம ஏரியாவுல கால்வெஸ்டன் பே ஃபவுண்டேஷன் 'சீஸ் த க்ரீஸ்'னு இதுக்காகவே பிரச்சாரம் நடத்துறாங்க. இன்னொண்ணு, ட்ரைவ்வேல வச்சு ஹோஸ் பைப்பால அடிச்சுக் கழுவுறது. அந்தத் தண்ணி தெரு ஓரத்து ஸ்டார்ம் ட்ரெயின்ல இறங்கும், அது சுத்திகரிப்பு எதுவும் இல்லாம நேரா பேயூ, அதாவது இந்த ஊரு ஓடை, அங்கருந்து கால்வெஸ்டன் பே. புல்வெளியிலயும் கொட்டாதீங்க, ஃபயர் ஆன்ட் புத்து கட்டிரும், அப்புறம் புள்ளைங்க கால் வைக்க முடியாது.

பானைத் துடைச்சுட்டா அதுக்கப்புறம் சோப்பும் சுடு தண்ணியும் போதும். துடைக்கிறதுதான் கழுவுறதுல முக்கால்வாசி. பழைய கிரெடிட் கார்டு ஒண்ணை சிங்க்குக்கு அடியிலயே வச்சிருக்கேன், வளைஞ்ச ஓரத்துக்கெல்லாம் அது நல்லா வளைஞ்சு கொடுக்கும், எனாமல்லயும் கீறல் விழாது. எங்க பான் எனாமல் பூசுன ஸ்டீல், அதுல கத்தியோ இரும்புக் கரண்டியோ போட்டுச் சுரண்டுனா சில்லு தெறிக்கும், தெறிச்ச இடத்துல துரு ஆரம்பிச்சா நிக்காது.

இப்ப ராக். 22 இன்ச் வட்டம் எந்த அமெரிக்கன் சிங்க்லயும் நுழையாது, டிஷ்வாஷர்லயும் நுழையாது. சில பேரு பாத் டப்ல போடுறாங்க, அதை நெனச்சாலே எனக்கு உடம்பு கூசுது. ஹோம் டிப்போல கான்கிரீட் கலக்குறதுக்கு ஒரு கறுப்பு ப்ளாஸ்டிக் தொட்டி விப்பாங்க, ரெண்டடிக்கு மூணடி, ஆழம் அதிகமில்ல, விலையும் ஜாஸ்தி இல்ல. ராக் ரெண்டும் அதுல அழகா படுத்துக்கும். முதல்ல ராக் லேசா சூடா இருக்குறப்பவே பேப்பரால துடைச்சிரணும், கையில தாங்குற சூடு, அவ்ளோதான். அப்புறம் தொட்டியில சுடு தண்ணி. குழாய்ல வர்ற சுடு தண்ணி பத்தாது, வாட்டர் ஹீட்டரை எல்லாரும் 120 டிகிரி பக்கமா வச்சிருப்போம், ரெண்டு கெட்டில் கொதிநீர் சேக்கணும். அதுல வாஷிங் சோடா, ஒரு கேலனுக்கு அரை கப். ஹெச்இபி கடையில துணி சோப்பு வரிசையில மஞ்சள் டப்பாவுல இருக்கும், நம்ம ஊரு சலவை சோடாவேதான். பக்கத்துலயே இருக்குற பேக்கிங் சோடா, அதாவது ஆப்ப சோடா, வேற. அது ரொம்ப சாது, வாஷிங் சோடாவுக்குக் காரம் (மிளகாய்க் காரம் இல்ல, ஆல்கலி) பல மடங்கு. இந்தக் காரம் கொழுப்போட சேந்து கொழுப்பையே சோப்பா மாத்துது, அதனாலதான் ஊற வச்ச தண்ணியத் தொட்டா வழவழன்னு இருக்கும். கையுறை கட்டாயம், ஏன்னா நம்ம தோல்லயும் எண்ணெய் இருக்கு, அதுக்கு வித்தியாசம் தெரியாது. ராத்திரி போட்டுட்டு காலைல எடுத்தா முக்கால்வாசி கறுப்பு தண்ணியிலயே கெடக்கும். மிச்சத்துக்கு ஃபாயிலைக் கசக்கி உருண்டையாக்கி கம்பி போற திசையிலயே இழுங்க, குறுக்க வேணாம். கழுவுனதும் உடனே துணியால துடைச்சு வெயில்ல சாச்சு வச்சிருங்க, கம்பி ரெண்டு சேர்ற வெல்டிங் முனையிலதான் முதல்ல துரு பிடிக்கும். மேல் முலாம் உரிஞ்சு செதில் செதிலா வர ஆரம்பிச்சா கழுவிப் பிரயோஜனமில்ல, புது ராக் வாங்கிருங்க.

வாஷிங் சோடா தீந்துபோன ஒரு தடவைதான் அத்தையோட வித்தை வெளிய வந்துச்சு. அத்தை விருதுநகர் பக்கம், ஆறு மாசம் இங்க வந்து இருந்தாங்க. அவங்க இருந்த வரைக்கும் ப்ரிஸ்கெட்டுக்கு லீவு, ஸ்மோக்கர்ல சிக்கனும் ஆட்டுத் தொடையும்தான். அவரு ஸ்மோக்கருக்கு அடியிலருந்து சாம்பலை வாரி தகர வாளியில போட்டு வச்சிருந்ததைப் பாத்துட்டு "தாயி, இம்புட்டு நல்ல சாம்பலை குப்பையிலயா கொட்டுறீக"ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள பூஜைக்கு உடைச்ச தேங்காயோட நாரை எடுத்துக்கிட்டு, பேக்யார்டு குழாயடியில குத்த வச்சு உக்காந்து, நாரை நனைச்சு சாம்பல்ல ஒத்தி ராக்கைத் தேய்க்க ஆரம்பிச்சுட்டாங்க. தண்ணி ரொம்ப ஊத்தல, சும்மா ஈரம் மட்டும். ஒவ்வொரு கம்பியையும் நாருக்குள்ள பிடிச்சு ஒரே இழுப்பு, நாரைத் திருப்பி அடுத்த கம்பி. சாம்பல் கறுத்துக் குழம்பானதும் வழிச்சு எறிஞ்சுட்டு புதுச் சாம்பல். கோழிக்கொழுப்பு, மசாலா எல்லாம் போய் ராக் வெளுத்துருச்சு. அவரு போனை எடுத்துட்டு வந்து வீடியோ எடுத்தாரு, அத்தை அவரைப் பாத்து "படம் பிடிச்சது போதும், இந்தா அந்தப் பக்கத்தைத் தேயி"ன்னாங்க. எங்க வீட்டு வரலாற்றுல அவரு ராக் தேய்ச்சது அன்னைக்குத்தான்.

இது பாட்டி வைத்தியம்னு சிரிக்க வேண்டியதில்ல. மரச்சாம்பல்ல பொட்டாசியம் கார்பனேட் இருக்கு, வாஷிங் சோடா சோடியம் கார்பனேட், ரெண்டும் பங்காளிங்க. சாம்பல்ல நனைஞ்ச தண்ணி காரமா மாறி கொழுப்பை சோப்பாக்குது, சாம்பல் தூள் தேய்க்கவும் உதவுது. கறி சுட்ட அதே மரம், அதோட பிசுக்கைக் கழுவவும் ஆகுதுன்னா வேற என்ன வேணும். ஆனா ரெண்டு விஷயம். கட்டிக்கரியும் மரத்துண்டும் எரிஞ்ச சாம்பல்னா மட்டும்தான் இது, அச்சுல வார்த்த ப்ரிக்கெட் கரியில கரியைத் தவிர வேற சேர்மானமும் உண்டு, அதை நான் சாப்பாட்டுப் பாத்திரத்துல தொட மாட்டேன். இன்னொண்ணு, சாம்பலுக்குள்ள கங்கு நாள் கணக்கா ஒளிஞ்சு கெடக்கும், மூடி போட்ட இரும்பு வாளியில நாலு நாளாவது ஆற விட்டுட்டு சலிச்சு எடுங்க.

காரம் எதுவானாலும் அலுமினியத்துக்கிட்ட கொண்டு போகக்கூடாது. வாஷிங் சோடா, சாம்பல், ஓவன் க்ளீனர், டிஷ்வாஷர் பவுடர் எல்லாத்துக்கும் இது பொருந்தும். பேக்கிங் ஷீட் பானை டிஷ்வாஷர்ல போட்டு எடுத்தா மங்கிப் போய் கறுப்பு கைல ஒட்டுதுல்ல, அது இதனாலதான். அலுமினிய ட்ரேக்கு சுடு தண்ணி, டிஷ் சோப்பு, பொறுமை, அவ்ளோதான்.

பல மாசம் கழுவாம விட்ட கறுப்புக்கு ஓவன் க்ளீனர் வேணும்தான். ஈஸி ஆஃப்ங்கிற ப்ராண்டுல மஞ்சள் டப்பாவுல காஸ்டிக் சோடா இருக்கு, கார ஜாதியிலேயே அதுதான் முரடு. வெளிய வச்சு, கண்ணாடி, கையுறை போட்டுக்கிட்டு, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து அடிங்க, பெயின்ட் அடிச்ச வெளிப்பக்கத்துல பட்டா பெயின்ட்டே உரிஞ்சுரும். அப்புறம் நல்லா அலசி, மறுபடி சோப்பு போட்டு மறுபடி அலசணும். வார்ப்பிரும்பு கிரேட் வச்சிருந்தா அதுல இதை அடிக்காதீங்க, பழக்கி வச்ச பூச்சு மொத்தமும் போயிரும். அம்மோனியா வழி இன்னொண்ணு, ராக்கை பெரிய குப்பைப் பையில போட்டு கொஞ்சம் அம்மோனியா ஊத்தி இறுக்கக் கட்டி ராத்திரி முழுக்க வெளிய வச்சா ஆவியே கறையைத் தளத்திரும். வேலை செய்யும், ஆனா பையைப் பிரிக்குறப்போ மூஞ்சியைக் கிட்ட கொண்டு போனா அன்னைக்கு பூரா கண்ணு எரியும். அது பக்கத்துல ப்ளீச் வரவே கூடாது, ரெண்டும் கலந்தா விஷ வாயு. அப்புறம் இந்த பேக்கிங் சோடா மேல வினிகர் ஊத்துற வீடியோ. பொங்குறதைப் பாக்க நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு காரம், ஒண்ணு புளிப்பு, ரெண்டும் ஒண்ணையொண்ணு முடிச்சுட்டு கடைசியில கிட்டத்தட்ட உப்புத் தண்ணிதான் மிஞ்சுது, அதை வச்சு என்னத்தைக் கழுவ.

கம்பி ப்ரஷ் எங்க வீட்டுல கிடையாது. அதோட முள்ளு ஒண்ணு உதிர்ந்து கிரேட்ல ஒட்டி, கறியோட வயித்துக்குள்ள போய் குடலைக் குத்துன கேஸ்களை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சிடிசி 2012லயே தன்னோட அறிக்கையில போட்டிருக்கு, ரோட் ஐலண்ட்ல ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க. மரத்துல செஞ்ச ஸ்க்ரேப்பர் வாங்கிக்கோங்க, நாலஞ்சு தடவை சூடான கம்பி மேல வச்சுத் தேய்ச்சா அதுல நம்ம கிரேட்டுக்கு ஏத்த பள்ளம் தானா விழும்.

பெல்லட் கிரில், அதாவது மரத்தூளை அழுத்திச் செஞ்ச குச்சியை எரிச்சு கரன்ட்ல ஓடுற கிரில், வச்சிருக்குறவங்களுக்குக் கழுவுறது சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்ல, தீ சம்பந்தப்பட்ட விஷயம். அதுல ட்ரிப் ட்ரே கரெக்டா நெருப்புக்கு மேல சாய்வா உக்காந்திருக்கும், கொழுப்பு சரிவுல இறங்கி பக்கத்து பக்கெட்டுக்குப் போகணும். தெரிஞ்சவங்க வீட்டுல என்னாச்சுன்னா, வாராவாரம் 225 டிகிரியில மெதுவா சுட்டு சுட்டு ட்ரேல கொழுப்பு திட்டுத் திட்டா சேந்திருக்கு, ஒருநாள் விங்ஸ் பண்ண 450க்கு ஏத்தியிருக்காங்க, அவ்ளோதான், மூடி இடுக்கு வழியா கறும்புகை. என்னன்னு பாக்க மூடியைத் தொறந்ததும் காத்து கெடச்சு தீ குபுக்குன்னு ஆளுயரத்துக்கு எழும்பிருச்சு, நல்லவேளை புருவத்தோட போச்சு. மூடியைத் தொறக்கவே கூடாது, ப்ளக்கைப் பிடுங்கிட்டு மூடுனபடியே விட்டா காத்து இல்லாம அணையும். தண்ணி ஊத்துனீங்கன்னா எரியுற கொழுப்பு தெறிச்சு வீட்டுச் சுவர் வரைக்கும் போகும். கட்டுக்கு மீறுற மாதிரி தெரிஞ்சா வீரம் காட்டாம விலகி நின்னு 911. அந்த ட்ரேல ஃபாயில் போடுறவங்க சுருக்கம் இல்லாம இழுத்துப் போடணும், ஒரு மடிப்பு இருந்தாலும் கொழுப்பு அங்க தேங்கிரும், பக்கெட்டுக்குப் போற வழியையும் அடைச்சுராதீங்க. நெறைய நாள் மெதுவா சுட்டுட்டு திடீர்னு சூட்டை ஏத்தப் போறீங்கன்னா முதல்ல ட்ரேயைச் சுரண்டிட்டு ஏத்துங்க.

ஊருக்குப் போறப்போ ஸ்மோக்கரை அப்படியே மூடி கவர் போட்டுட்டுப் போறவங்களுக்குன்னே ஒரு பரிசு காத்திருக்கும். இந்த ஊரு ஈரக்காத்துல, உள்ள கொஞ்சம் கொழுப்பும் தண்ணியும் இருந்தா போதும், திரும்பி வந்து தொறந்தா பச்சையும் வெள்ளையுமா பூசணம். வாட்டர் பானை மறக்காம காலி பண்ணி, ராக்கை எல்லாம் வீட்டுக்குள்ள வச்சுட்டு, காத்துத் துவாரத்தைத் தொறந்து விட்டுட்டுப் போனா இந்தத் தொல்லை கிடையாது. பூசணம் வந்துருச்சுன்னா மாஸ்க் போட்டுக்கிட்டு பழைய கொழுப்பையும் கரியையும் வெளிய எடுத்துப் போட்டுட்டு, காலி ஸ்மோக்கர்ல நல்லா தீ மூட்டி ஒரு மணி நேரம் எரிய விட்டு, அப்புறம் சோப்புத் தண்ணியில கழுவி, இன்னொரு தடவை சூடேத்துங்க.

எல்லாத்தையும் பளபளன்னு ஆக்கணும்னு கிளம்பவும் வேணாம். ஸ்மோக்கரோட உள்சுவர்ல படியுற கறுப்பு ஒருவகையில இரும்புக்குக் காவல், துரு பிடிக்காது. மூடிக்கு உள்பக்கம் செதிலா உரிஞ்சு தொங்கும், பெயின்ட் போகுதுன்னு பயந்துருவாங்க, அது புகையும் கொழுப்பும் சேந்து கருகுனது. கறி மேல விழாம இருக்க அதை மட்டும் மரக்கரண்டியால தட்டி விட்டுட்டா போதும். கறி தொடுற ராக், கொழுப்பு தேங்குற பான், இது ரெண்டும் சுத்தமா இருந்தா மிச்சம் எப்படி இருந்தா என்ன.

கழுவுறதுக்கே போகாம தப்பிக்க நெனைக்கிறவங்களுக்கு டிஸ்போசபிள் அலுமினிய ட்ரே இருக்கு, அவரு அந்தக் கட்சி. சாஸ் பூசுன ரிப்ஸ், சிக்கன் விங்ஸுன்னா நானும் சரிம்பேன், அடியில ஒண்ணு வச்சுட்டா முடிஞ்சதும் தூக்கிப் போட்டுறலாம். ப்ரிஸ்கெட்டுக்கு வாங்குறப்போ மட்டும் மெல்லிசா இருக்குறதை வாங்காதீங்க, தூக்குறப்போ கீழ கெட்டியான ஷீட் பான் ஒண்ணைச் செருகித் தூக்குங்க. ரெண்டு ஓரத்தை மட்டும் பிடிச்சுத் தூக்குனா ட்ரே நடுவுல மடங்கும், உருகுன கொழுப்பு நேரா கால் மேலதான் கொட்டும், அதுவும் நம்மாளுங்க வீட்டுச் செருப்பு போட்டுக்கிட்டுதான் பேக்யார்டுல நிப்பாங்க.